படிக்கப் போகிறவரின் கண்ணாடி

படித்தவர் என்று ஓர் இனம் உண்டு, படிக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. இரண்டும் உங்களுக்குப் பழக்கமானவை. இவற்றுக்கு நடுவே, பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன இடங்களில் மட்டும் கொழுகொழுவென்று செழித்து வளரும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை யாரும் அக்கறையாக எழுதியதாகத் தெரியவில்லை. அந்த இனத்தின் பெயர், படிக்கப் போகிறவர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சொந்த ஊரில் இருந்தவரை புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விட்டவர், வேற்று நாட்டுக்கு வந்து, ஒரு வேலையில் அமர்ந்து, ஒரு வீட்டைப் பிடித்து, இனி மூச்சு விடலாம் என்று பேருந்தில் சன்னலோரமாக உட்காரும்போது ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்த்துவிடுவார். மாலை நேர வகுப்பு, வேலை செய்கிறவர்களும் சேரலாம், வயது வரம்பு கிடையாது என்று அங்கே ஒரு பலகை தொங்கும். போயிற்று. அன்றிலிருந்து அவர் செய்கிற வேலை தற்காலிகம், குடியிருக்கிற வீடு தற்காலிகம், முன்நெற்றியில் விழுகிற வழுக்கை மட்டும் நிரந்தரம். புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெயரைச் சொல்வதற்கு முன்பே, இப்போதைக்கு இங்கே இருப்பதாகவும் சீக்கிரம் படிக்கப் போவதாகவும் சொல்லிவிடுவார். என்ன படிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் நீங்கள் கேட்டுவிடக் கூடாது. கேட்டுவிட்டால், பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் பார்க்கப் போகிறவர் ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைப் பிரிவில் இருந்தார். தரைக்குக் கீழே, சன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள் குலுங்கும், மறுபக்கம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பெரிய உருளை சுற்றும். விரிப்பின் இரண்டு முனைகளை இருவர் பிடித்து, சுருக்கமில்லாமல் நீட்டி, ஒரே நேரத்தில் உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் சூடாக வெளிவருவதை வேறு இருவர் பிடித்து மடிப்பார்கள். கவனம் பிசகினால் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டு, மொத்த வரிசையும் நின்றுவிடும். நம்மவர் வலது முனை. வலது முனை அடிக்கடி கோணலாகப் போனது, ஏனென்றால் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு 'வருங்காலம்' என்று பெயர். "வருங்காலம் இன்னைக்கு லீவா?" என்று கேட்டுவிட்டு, அப்படியானால் இன்று வேலை சீக்கிரம் முடியும் என்று இடது முனைக்காரர் சந்தோஷப்படுவார்.

ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க நீங்களும் நானும் என்ன செய்வோம்? தெரிந்த நாலு பேரைக் கேட்போம், விவரங்களைப் படித்துப் பார்ப்போம், ஏதாவது ஒன்றில் விழுந்துவிடுவோம். படிக்கப் போகிறவரின் வழி வேறு. துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்ப்பது போல, அவர் துறையைப் போட்டுப் பார்ப்பார். ஒரு துறை மனத்தில் பட்டால், அன்று மாலையிலிருந்தே அந்தத் துறையில் கரைகண்டவராக நடமாடத் தொடங்குவார். கஷ்டம் என்னவென்றால், சட்டையைப் போட்டுப் பார்க்கிறவர் ஒருவர்தான். துறையைப் போட்டுப் பார்க்கும்போது மாட்டிக்கொள்கிறவர்கள் பலர்.

உளவியலைப் போட்டுப் பார்த்த நாட்களில், சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் ஏன் காலையில் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை என்பதற்கு அவருடைய இளம்பருவத்தில் காரணம் தேடினார். தேடியதை அவரிடமே மெல்லிய குரலில், தலையைச் சாய்த்து, ஆதரவாகச் சொன்னார். மேற்பார்வையாளருக்கு உண்மையில் பல் வலி. அடுத்த சில வாரங்களுக்கு வருங்காலத்தை ஈரத் துண்டுகளைச் சுமக்கிற வேலைக்கு மாற்றினார்கள்.

சட்டத்தைப் போட்டுப் பார்த்தபோது, வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு உரிமையாளர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே திருகுச்சாவியோடு வந்துவிடுகிறவர். நம்மவர் வார்த்தை சொல்லவில்லை. குடியிருப்பவரின் உரிமை, அனுபவிக்கும் இடையூறு, எடுக்க நேரும் நடவடிக்கை என்று மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். உரிமையாளர் மிரண்டுபோய் நிஜமான வக்கீல் ஒருவரைப் பிடித்தார். இரண்டு தரப்பும் பேசிக்கொண்டே இருந்தன, குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் மனைவி அடியில் ஒரு வாளியை வைத்தாள்.

கட்டடக் கலை வந்தது. காற்றோட்டத்துக்காகப் படுக்கையறைப் பீரோ சுவரை விட்டு நகர்ந்து கதவோரம் வந்து நின்றது. மனைவியும் மகளும் பக்கவாட்டில் நுழையப் பழகிக்கொண்டார்கள். மேல்மாடியில் குடியிருந்த மனைவியின் அண்ணன் பேருந்து ஓட்டுநர், உட்கார்ந்தே சம்பாதித்த தொப்பை. ஒரு நாள் தங்கை மகளுக்குக் காய்ச்சல் என்று பார்க்க வந்தவர் கதவுக்கும் பீரோவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், அங்கிருந்தே மருமகளிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கடலியலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் கடல் கிடையாது. முழங்கால் வரை வருகிற ரப்பர் காலணிகள் மட்டும் வாங்கப்பட்டு, இன்றும் வாசலில் ஜோடியாக நிற்கின்றன.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான் மாப்ளே," என்றார் அண்ணன், பீரோவிலிருந்து மீட்கப்பட்ட பிறகு. வருங்காலம் அதை ஆழமாக யோசித்துவிட்டு, தச்சு வேலைக்கும் பல்கலைக்கழகத்தில் ஏதாவது துறை இருக்கிறதா என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். அந்த வீட்டில் சிரிக்காத ஒருத்தி இருந்தாள்.

வருங்காலத்தின் மனைவி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் முகத்துக்குச் சட்டம் பொருத்துவது, காதில் கொக்கி அழுத்தாமல் வளைத்துக் கொடுப்பது, மூக்கில் பதிகிற இடத்தைச் சரி செய்வது எல்லாம் அவள் வேலை. கடையின் உள் அறையில், இருட்டில், எழுத்துப் பலகைக்கு எதிரே ஓர் உயரமான நாற்காலி இருந்தது. அதன் பக்கத்தில் நின்று கண் பார்க்கிறவர் ஓர் அம்மாள். அந்த அறைக்குள் போய், வருகிறவர்களின் கண்ணைத் தானே பார்க்க வேண்டும் என்பதுதான் மனைவியின் ஆசை. அதற்குப் படித்திருக்க வேண்டும். என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்க வேண்டும், வகுப்பு எந்தெந்த மாலை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். அவளுக்கு அந்த ஒன்று வந்த நாளிலிருந்து மாறவில்லை.

பிறகு ஏன் சேரவில்லை என்று கேட்பீர்கள். முறைதான் காரணம். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், மகளோடு மாலையில் யாராவது இருந்தாக வேண்டும். அண்ணனுக்கோ இரவு வரை பேருந்து. அதனால் ஒருவர் படித்து முடித்ததும் அடுத்தவர் என்று குடிவந்த புதிதில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதல் முறை கணவனுக்கு. அவள்தான் விட்டுக்கொடுத்தாள், சீக்கிரம் முடித்துவிட்டு வந்துவிடுவார் என்று நம்பி. அவர் முடிக்கவில்லை, தொடங்கவும் இல்லை. தொடங்காத ஒன்று எப்போது முடியும்? இதற்கிடையில் தவழ்ந்துகொண்டிருந்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் கேட்டதற்கு, எங்கப்பா படிக்கப் போறாரு என்று பதில் சொன்னாள். எப்போதிலிருந்து என்று ஆசிரியை வேடிக்கையாகக் கேட்க, "நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து," என்றாள்.

அந்த வருடம் கண் பார்க்கிற அம்மாள் மனைவியைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். இன்னும் சில வருடங்களில் அவர் ஓய்வெடுக்கப் போகிறார். மனைவி இந்த வருடமே படிப்பில் சேர்ந்தால், அந்த நாற்காலியை அவளுக்கே விட்டுப் போவதாகக் கடை முதலாளியிடம் பேசியிருக்கிறார். சேராவிட்டால் முதலாளி வெளியிலிருந்து யாரையாவது கொண்டுவருவார். வருகிறவர் இளவயதுக்காரராக இருந்தால், அப்புறம் மனைவி காலமெல்லாம் முகத்துக்குச் சட்டம் பொருத்த வேண்டியதுதான். பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு அந்த மாதத்தோடு கடைசி.

மனைவி வீட்டுக்கு வந்து கணவனிடம் இதை அப்படியே சொன்னாள். இந்த மாதத்துக்குள் ஏதாவது ஒன்றில் சேருங்கள், இல்லையென்றால் முறையை எனக்குக் கொடுங்கள் என்றாள். வருங்காலத்துக்கு ரோசம் வந்துவிட்டது. முறையை யாராவது கொடுப்பார்களா? இந்த மாதமே முடிவெடுக்கிறேன் பார் என்றார். எடுத்தும் விட்டார், கிட்டத்தட்ட. முப்பத்துச் சொச்சம் துறைகளைக் கழித்துக் கட்டி இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்று புள்ளியியல், மற்றொன்று தத்துவம். எங்கே போய் எங்கே நிற்கிறார் பாருங்கள். நின்றவர் நின்றவர்தான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சலவைப் பிரிவில் விரிப்புகள் வரிசையாகக் கோணலாயின. மாதமோ தேய்ந்துகொண்டே போனது. மனைவி தினமும் தேநீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவாள்.

கடைசி வாரத்தில் அவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். அத்தனை வருடமும் முடிவெடுக்க முடியாததற்கு மொத்தமாக ஒரே காரணம்.

"கண்ணு சரியில்ல," என்றார். "ரெண்டு துறையைப் பத்தியும் படிக்கிறேன், எழுத்து மங்கலா தெரியுது. தெளிவாவே தெரியலைன்னா மனுஷன் எப்படி முடிவு எடுப்பான்? முதல்ல ஒரு கண்ணாடி போட்டுடறேன். அப்புறம் பார், பட்டுனு சொல்லிடறேன்."

மனைவி அன்றைக்கே அவரைத் தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். கண்ணில்தான் கோளாறு என்றால் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளைவிட வேறு யாருக்குச் சந்தோஷம் இருக்க முடியும்?

கண் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குத் தெரியும். நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் ஒரு கனமான கருவியை வைத்து, அதில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. இது தெளிவாகத் தெரிகிறதா, அது தெளிவாகத் தெரிகிறதா? ஒன்றா, இரண்டா? நீங்கள் ஒன்று என்பீர்கள் அல்லது இரண்டு என்பீர்கள். சந்தேகமாக இருந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து வருவீர்கள். மனித குலம் இப்படித்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

வருங்காலம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மாள் முதல் வில்லையைப் போட்டு, எடுத்து, அடுத்ததைப் போட்டு, ஒன்றா இரண்டா என்று கேட்டார்.

"இன்னொரு தடவை காட்டுங்க," என்றார் வருங்காலம்.

காட்டினார். ஒன்றில் எழுத்து கறுப்பாக இருப்பதாகவும், இரண்டில் எழுத்து கூர்மையாக இருப்பதாகவும், இரண்டிலும் நல்ல அம்சங்கள் இருப்பதாகவும் வருங்காலம் கருத்துத் தெரிவித்தார். அம்மாள் மறுபடி காட்டினார். பொதுவாக மற்றவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வருங்காலம் கேட்டார். அவரவர் கண்ணைப் பொறுத்தது என்று அம்மாள் பொறுமையாகச் சொன்னார். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு இரண்டுக்கு மாறிக்கொள்ள வழியிருக்கிறதா என்று கேட்டார். மூன்று என்று ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றை வலது கண்ணுக்கும் இரண்டை இடது கண்ணுக்கும் போட்டுக்கொண்டால் இரண்டையும் இழக்காமல் இருக்கலாமே என்று யோசனை சொன்னார். வெளியே காத்திருந்தவர்கள் வாசல் வரை சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் கண்ணாடியே வேண்டாம் என்று தடவித் தடவி வீட்டுக்குப் போனார். முப்பது வருடமாகக் கண் பார்த்த அம்மாள், தன் கருவியிலேயே கோளாறோ என்று அதைக் கழற்றித் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார்.

மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது, கூட வேலை செய்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்களே. பிறகு சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. புள்ளியியலும் தத்துவமும் இருக்கட்டும். ஒரு விரற்கடை அகலக் கண்ணாடித் துண்டு, இதுவா அதுவா. அதற்கே இந்த மனுஷர் பதில் சொல்ல மாட்டார். இவருடைய கோளாறு கண்ணில் இல்லை. இந்த மாதம் இல்லை, அடுத்த வருடம் இல்லை, மகள் கல்யாணமாகிப் போனாலும் இவர் முதல் முறையில்தான் இருப்பார். தன் முறை என்று ஒன்று வரவே போவதில்லை. இது அவளுக்கு அந்த இருட்டறையில் பட்டப்பகல் போலத் தெரிந்தது. அவள் மேல் அவளுக்கே கோபம் வந்தது.

உள்ளே போனாள். கருவியைத் தொட்டு, வில்லையைத் திருப்பி, கணவன் புருவத்தைச் சுருக்குகிறாரா விரிக்கிறாரா என்று மட்டும் பார்த்தாள்.

"ரெண்டுன்னு எழுதிக்கங்கம்மா," என்றாள்.

அம்மாள் எழுதிக்கொண்டார். நாலு தடவை இப்படி நடந்தது. வருங்காலம் ஆட்சேபிக்க வாயைத் திறப்பதற்குள் பரிசோதனை முடிந்துவிட்டது. கண்ணாடி தயாரானதும் போட்டுப் பார்த்தார், கடைக்கோடியில் தொங்கிய நாள்காட்டியின் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. அந்த மாதத்தில் மிச்சமிருந்த நாட்களும் அவர் கண்ணில் பட்டன.

அன்று மாலை வேலை முடிந்ததும் மனைவி நேராக வீட்டுக்கு வரவில்லை. பேருந்து சன்னல் வழியே பார்க்கிற அந்த வாசலில் இறங்கி, உள்ளே போய், தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது முறை மாறிவிட்டது என்று சொன்னாள்.

வருங்காலத்துக்கு மனம் சுருங்கிவிட்டது. இருக்காதா? அத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த முறை. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பயந்துதான் போனாள். ஆனால் அவர் நிமிர்ந்தபோது கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கிற விஷயத்தில் தன்னைவிட அனுபவமுள்ளவர் அந்த நாட்டிலேயே இல்லை என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. கண் சம்பந்தமான படிப்புக்கு எதிர்காலம் எப்படி, அதற்குப் பதில் மண்ணியல் யோசித்தாயா, நூலகவியல் யோசித்தாயா, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யக் கூடாது, நன்றாக யோசித்தாயா என்று கேட்டார்.

"யோசிச்சாச்சுங்க."

"எப்ப யோசிச்ச?"

"நீங்க யோசிச்சிட்டு இருந்தப்பதான்," என்று சொல்லிவிட்டு மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பு தொடங்கியது. வருங்காலம் மாலைகளில் மகளோடு இருந்தார், இருவருக்கும் பொழுது நன்றாகவே போனது. பீரோவைக்கூட மகள் சொல்லிச் சுவரோரம் தள்ளிவைத்தார்கள். படிப்பில் ஒரு கட்டம் வந்தபோது, கருவியைக் கொண்டுபோய் வீட்டில் யாரையாவது உட்காரவைத்துக் கண் பார்த்துப் பழகிக்கொண்டு வரும்படி மனைவியின் பேராசிரியை சொன்னார். மகளை உட்காரவைத்தாள். மகள் ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, போதும்மா என்று இறங்கி ஓடிவிட்டாள். அண்ணனை உட்காரவைத்தாள். அவர் எல்லாவற்றுக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். பிறகு கணவனை உட்காரவைத்தாள். வகுப்பில்லாத சாயங்காலங்களில் எல்லாம் அவர் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. காட்டுகிற எல்லாவற்றையும் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். ஒரே மாதத்தில் மனைவியின் கை எப்படித் தேர்ந்துவிட்டதென்றால், வகுப்பில் பேராசிரியை அவளைத் தனியாக அழைத்து, வீட்டில் யாரை வைத்துப் பழகினாய் என்று விசாரித்தார்.

அடுத்த வாரம் வருங்காலத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. நிஜமாகத்தான். பதில் சொல்லாத நோயாளியை எப்படிப் பார்ப்பது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர, பேராசிரியைக்கு வெகுகாலமாக ஆள் கிடைக்கவில்லையாம். நம்மவர் விடுதி விரிப்பு போல மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, பேருந்திலிருந்து இறங்கி, அந்தப் பலகைக்குக் கீழே நடந்து உள்ளே போனார். மாணவர்கள் வரிசையாக வந்து ஒன்றா இரண்டா என்று கேட்டார்கள். ஒருவருக்கும் அவர் பிடிகொடுக்கவில்லை. ஒரு மாணவி அழுதேவிட்டாளாம். பேராசிரியை அவர் கையைப் பிடித்து, வாரந்தோறும் தவறாமல் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மனைவி படித்து முடித்துவிட்டாள். கடையின் உள் அறையில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது அவள் நிற்கிறாள். வருங்காலம் இன்னும் வாரம் ஒரு மாலை பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருக்கிறார். "எனக்கு இன்னைக்கு வகுப்பு இருக்கு," என்று இடது முனைக்காரரிடம் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்புகிறார். பக்கத்துக் கட்டடத்தில் பல் மருத்துவம் படிக்கிறவர்களும் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, எந்தப் பல் வலிக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ள வரச் சொல்கிறார்கள். கண்ணிலேயே தொடர்வதா, பல்லுக்கு மாறுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

இத்தனையும் படித்துவிட்டு உங்களுக்கு ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். சித்தப்பா மகனாக இருக்கலாம், கூட வேலை செய்கிறவராக இருக்கலாம். நல்லது. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்கிறேன், நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்தப் படத்தில் தெளிவாகத் தெரிவது யார்? ஒன்று, அந்தச் சித்தப்பா மகன். இரண்டு, நீங்கள். ஒன்றா, இரண்டா?

இன்னொரு தடவை காட்ட வேண்டுமா? காட்டலாம். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, உங்களுக்குப் பின்னால்தான் ஒருவர் வெகுநேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.